மூன்றாவது காட்சி, முதல் வசனம்

“மூச்சை நிறுத்துங்கம்மா” என்று தலைமாட்டில் பரணியின் குரல் கேட்டதும் சௌந்தரம் மூச்சை நிறுத்தினாள். ஏழு வருடமாக வசனம் எடுத்துக் கொடுத்த உதவி இயக்குநர்ப் பெண் இன்றைக்கு மூச்சை எடுத்துக் கொடுக்கிறாள். பிணத்துக்கு வேறு என்னத்தைத்தான் எடுத்துக் கொடுப்பது? வளசரவாக்கத்து ஷூட்டிங் பங்களாவின் கூடத்தில், நடுவில் இழுத்துப் போட்ட பெஞ்சில், காலை ஒன்பதரைக்குப் படுத்தவள். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் ஒற்றை ரூபாய்க் காசு, கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் ரோஜா மாலை. சீரியலில் அவள் பெயர் அங்கயற்கண்ணி அம்மாள், நகைக்கடைக் குடும்பத்து மாமியார், மூன்று மருமகள்களையும் ஒரே பார்வையில் அடுக்களைக்குத் துரத்துகிறவள். அந்த அங்கயற்கண்ணி நேற்று மாடிப்படியில் கால் இடறி விழுந்து, இன்றைக்குச் சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். கொடுத்து வைத்த மகராசி. சௌந்தரம் அப்படி இல்லை, மூன்று வருடமாக நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு. ஆனால் இப்போது நெற்றி முழுக்கக் குங்குமம். யார் செத்தது, யார் சுமங்கலி, யார் நெற்றி இது என்று யோசித்தால் ஒரு கணம் எதுவும் பிடிபடவில்லை. மூச்சு நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று என்றதும் நாடகத்தின் மூன்றாவது காட்சி வந்துவிட்டது, இன்று காலையிலிருந்து எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது. மூன்றாவது காட்சியில் சுலோசனா வேலையிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். பையை மேஜைமேல் வைக்கிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். அப்புறம் வாயைத் திறந்து முதல் வசனத்தைச் சொல்கிறாள். என்ன வசனம்? “விடுங்கம்மா” என்றாள் பரணி. சௌந்தரம் மூச்சை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நாடகம். இன்றைக்குச் செவ்வாய். புதன், வியாழன், வெள்ளி, சனி என்று விரலை மடக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள், பிணம் விரலை மடக்கக் கூடாது. ‘எதிர் போர்ஷன்’ நாடகத்தை இருபத்திரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போடுகிறார்கள், அதே சபாவில், குழுவின் ஐம்பதாவது வருட விழாவுக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சுலோசனாவாக அவளே நடிக்க வேண்டும் என்று செயலாளர் வாசுதேவன் வீடு தேடி வந்து தாம்பூலம் வைத்தார். “வயசு ஒரு பிரச்சினையே இல்ல மேடம், ஜனங்க உங்களத்தான் கேக்கறாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இப்பல்லாம் நம்ம குழுவுல பிராம்ப்டர் கெடையாது. நோட்டீஸ்லயே போட்டுடறோம், நடிகர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம்னு.” சௌந்தரம் என்ன சொன்னாள்? “நானூறு தரம் போட்ட நாடகம். எனக்கெதுக்குய்யா பிராம்ப்டர்?” என்றாள். வாய்க்கொழுப்பு. சீலையில் வடிந்த கதை. புத்தகத்தை நாலு வாரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள். இன்று காலை காரில் வரும்போதுகூட வடபழனி சிக்னலில் திறந்து மூன்றாவது காட்சியைப் பார்த்தாள். பார்த்ததும் அட, இதுதானே, சின்னக் குழந்தைகூடச் சொல்லுமே என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வசனம் போயே போய்விட்டது. நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான். காலையில் படிக்கிறாள், பத்து மணிக்குள் யாரோ சிலேட்டைத் துடைத்துவிடுகிறார்கள். மற்றதெல்லாம் கொட்டிக் கிடக்கிறது, நாலாவது காட்சியில் வீட்டுக்காரரோடு சண்டை, இரண்டாவது காட்சியில் தண்ணீர்க் குடம், கடைசிக் காட்சியில் ஒன்றரைப் பக்கத்துக்கு அழுகை, எல்லாம் தலைகீழாகச் சொல்வாள். இந்த ஒரே இடத்தில் மட்டும் கால் வைத்தால் படி இல்லை. அங்கயற்கண்ணிக்கும் அப்படித்தானே ஆயிற்று, மேல் படியில் கால் வைத்தாள், படி இருந்தது, ஆனால் இல்லாத மாதிரி விழ வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். மறுபடி ஆரம்பத்திலிருந்து வரலாம். பையை வைக்கிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். கடிகாரம். அப்புறம் “இந்த வீட்டுச் சாவி இனிமே உன்கிட்டதான் இருக்கணும்”. சீ, அது சீரியல். சுலோசனாவிடம் சாவியே கிடையாது, அவள் குடியிருப்பது வாடகைக்கு.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு நாள்கூட நின்றதில்லை, ஏனென்றால் வலது பக்கத் திரை மறைவில் நாகராஜன் நின்றார். பகலில் தபால் பிரிக்கிற உத்தியோகம், சாயங்காலம் ஆனால் கையில் நோட்டும் டார்ச்சுமாகத் திரை மறைவில் நிற்கிற உத்தியோகம், அதற்கென்றே கருநீலத்தில் ஒரு சட்டை. வெள்ளையோ மஞ்சளோ போட்டால் முன் வரிசைக்குத் தெரிந்துவிடுமாம். அந்தச் சட்டை கழுத்துப் பட்டையில் நைந்து நூல் நூலாகப் போன பிறகும் விடவில்லை. “நீ நடிச்சத நான் பார்த்ததே இல்ல சௌந்தரம், கேட்டுத்தான் இருக்கேன்” என்பார். பொய் இல்லை, கண் நோட்டிலேயே இருக்கும். முழு வசனத்தை ஒரு நாளும் கொடுக்க மாட்டார். முதல் சொல்லை மட்டும், அதுவும் பாதியை, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பாதிச் சொல் காதில் விழுந்தால் போதும், மீதி நாக்கில் தானாக வந்து உட்காரும். ஒரு நாள் இதே மூன்றாவது காட்சியில், அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், திரை மறைவிலிருந்து வந்தது வசனம் இல்லை. “உங்க வீட்டுல வந்து பேசட்டுமா?” என்று வந்தது. கும்பகோணத்தில், ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும்போது! அவள் திருப்பிச் சொல்லவில்லை. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, சொல்ல வேண்டிய வசனத்தைச் சொன்னாள். காதுக்கும் வாய்க்கும் நடுவில் அப்போது ஒரு வாசல் இருந்தது, அதில் அவள் காவல் நின்றாள், எதை விடுவது எதைத் தடுப்பது என்று தெரிந்திருந்தது. அப்படியானால் அன்றைக்கு என்ன வசனம் சொன்னாள்? ஆயிரம் பேர் கேட்டார்களே, அவர்களில் ஒருத்தராவது இப்போது வந்து சொல்லக் கூடாதா? கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலும் அவரே பிராம்ப்டர். மண்டப வாசலில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு சௌக்கியமா என்றால் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாக “திருச்சி அத்தையோட நாத்தனார், பேரு கல்பகம்” என்று வரும். கல்பகம், சௌக்கியமா என்பாள். அடுப்பில் பால், கதவில் தாழ்ப்பாள், மூக்குக் கண்ணாடி தலைமேல், எல்லாவற்றுக்கும் முதல் சொல்லை அவரே கொடுத்துவிடுவார். அதனால்தான் இந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று இன்றைக்கு வரைக்கும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் போன பிறகு வந்ததா, அவர் இருக்கும்போதே வந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததா? “மூச்சு” என்றாள் பரணி.

நிறுத்தினாள். காலடியில் யாரோ விழுந்து அழுகிறார்கள். கனமான கை, மோதிரம் குத்துகிறது, சீரியல் கணவராகத்தான் இருக்கும். “என்ன விட்டுட்டுப் போயிட்டியே அங்கயற்கண்ணி” என்று அவர் அழுவதற்கு அரை நொடி முன்னால் அதையே பரணி உணர்ச்சி இல்லாமல் சொல்லிவிடுகிறாள், மளிகைச் சாமான் படிக்கிற மாதிரி. சீரியலில் அதுதான் வழக்கம், யாரும் மனப்பாடம் செய்வதில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதவி இயக்குநர் சத்தமாகப் படிப்பார், நடிகர்கள் வாங்கித் திருப்பிச் சொல்வார்கள், பிறகு டப்பிங்கில் குரலைச் சேர்த்துக்கொள்வார்கள். சௌந்தரத்துக்கு அது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. ஏழு வருடம், காதில் விழுந்ததை வாயில் விட்டுக்கொண்டே காலம் போயிற்று. நடுவில் இருந்த வாசலில் காவல் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, கதவைக் கழற்றியே வைத்துவிட்டாள் போலிருக்கிறது. போன ஆடியில் ஆஸ்பத்திரிக் காட்சி. மூத்த மருமகளின் மோவாயைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் திரள, சாவி வசனத்தைச் சொல்ல வேண்டும். பரணி படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் திரும்பி லைட்காரரிடம் “அந்த ஃபேன நிறுத்துங்கப்பா” என்றாள். சௌந்தரம் மருமகளின் கண்ணைப் பார்த்து, உதடு துடிக்க, “அந்த ஃபேன நிறுத்துங்கப்பா” என்றாள். கூடம் பத்து நிமிடம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாவது தரம் “டிபன் வந்தாச்சா பாரு” என்பதைப் பூஜை அறையில் அம்மனிடம் சொன்னாள், அதற்கும் சிரித்தார்கள், ஆனால் கொஞ்சம் குறைவாக. மூன்றாவது தரம் யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் குமரகுரு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார், ஒரு வாரம் கழித்து மாடிப்படி வந்தது. “கத கேக்குதும்மா, அங்கயற்கண்ணி போனாத்தான் சின்ன மருமக எழுந்து நிக்க முடியும்” என்றார். கதைக்கு வாய் இருக்கிறதா என்ன, கேட்பதற்கு? அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். இவர்கள் சீரியலில் கொன்றால் கொன்றுவிட்டுப் போகட்டும், ஆயிரத்து அறுநூறு எபிசோடில் எந்த மாமியார் பிழைத்தாள்? ஆனால் மேடை அப்படி இல்லை. மேடை அவள் பிறந்த வீடு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் நின்றால், முன் வரிசை முதலில் அதை நடிப்பு என்று நினைத்துக்கொள்ளும், பிறகு யாராவது இருமுவார்கள், பிறகு தெரிந்துவிடும். அதற்குமேல் அவள் யார்? “விடுங்கம்மா, ஷாட் முடிஞ்சுது. அப்படியே படுத்திருங்க, மாலை கலைஞ்சா அடுத்த ஷாட்டோட ஒட்டாது, கண்டினியூட்டி போயிடும்.”

அப்படியே படுத்திருந்தாள். நாகராஜனும் இப்படித்தான் கூடத்தில் அப்படியே படுத்திருந்தார், மாலை கலையாமல். அவருக்கும் தாடையில் துணி, மூக்கில் பஞ்சு. அக்கம் பக்கத்துப் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். “டிவில எப்படி அழுவாங்க” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், வலது பக்கத்திலிருந்து முதல் சொல் வரும், பாதியாவது வரும் என்று. அவர் கொடுக்கவே இல்லை. நாற்பது வருடத்தில் அவர் கொடுக்காமல் விட்டது அந்த ஒரு தரம்தான், அதற்காக அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, பிணத்தைப் பார்த்துக் கோபப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது. பையை மேஜைமேல் வைக்கிறாள். எந்த மேஜை? அவர் நோட்டு வைத்த மேஜையா? செருப்பைக் கழற்றுகிறாள். கடிகாரம். ஊதுவத்தி வாசனை அன்றையதா, இன்றையதா? மூக்கில் பஞ்சு இருக்கும்போது வாசனை எப்படித் தெரிகிறது? முதுகின் கீழே பெஞ்சு மரத்துப்போய், தன் உடம்பு எங்கே முடிகிறது பலகை எங்கே ஆரம்பிக்கிறது என்பதே தெரியவில்லை. செத்த வேஷம் போட்டவர்கள் கடைசியில் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடித்தது நிஜமாகிவிடும் என்று சினிமா, சீரியல் இரண்டிலும் ஒரு நம்பிக்கை. பிணம் சிரித்த பிறகுதான் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அவளுக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனாலும் எப்போதடா சிரிக்கச் சொல்வார்கள் என்று இருந்தது. திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. லைட்டின் சூடு முகத்தைவிட்டுப் போய்விட்டது. மூடின இமைக்கு அந்தப் பக்கம் சிவப்பாக இருந்தது, இப்போது கறுப்பு. ஃபேன் சத்தம்கூட இல்லை. ஷாட் ஓடுகிறதா? ஓடினால் கண்ணைத் திறக்கக் கூடாது. ஓடாவிட்டால் ஏன் யாரும் பேசவில்லை? மூச்சு விடலாமா? பரணி நிறுத்தச் சொன்னாளா, விடச் சொன்னாளா, கடைசியாக எது சொன்னாள்? விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ, இது ஷூட்டிங் இல்லையோ, நாகராஜனைப் போட்ட பெஞ்சில் இப்போது தன்னையே போட்டுவிட்டார்களோ? ஷாட் கெட்டால் கெட்டுப் போகட்டும் என்று கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாள். தாடைத் துணிக்குள்ளிருந்து குரல் குழறி வந்தது.

“யாராவது இருக்கீங்களா?”

“நான் இருக்கேம்மா” என்றாள் பரணி, காதோரம், அவ்வளவு பக்கத்தில். “கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகல, எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க.”

“நீ போகலையா?”

“உங்கள இப்படித் தனியா போட்டுட்டு எங்க போறது? தண்ணி வேணுமா? ஸ்ட்ரா வெச்சுக் குடுக்கறேன்.”

தண்ணீர் குடித்தாள். இந்தப் பெண் முப்பது வயசுக்காரி, இரண்டு வயதுக் குழந்தையைப் போரூரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள், ஏழு வருடத்தில் இவளோடு வசனத்தைத் தவிர என்ன பேசியிருக்கிறோம்? “பரணி, எனக்கு ஒரு உதவி பண்ணு. மேக்கப் ரூம்ல என் பையில ஒரு பழைய புஸ்தகம் இருக்கும், பைண்டிங் பிரிஞ்சு. அதுல மூணாவது காட்சி முதல் வசனம் என்னன்னு பார்த்துட்டு வா. சும்மாதான். ஒரு சந்தேகம்.” சும்மாதான் என்று சொன்ன வேகத்திலேயே அது சும்மா இல்லை என்று தெரிந்திருக்கும். பரணி எழுந்து போகிற காலடிச் சத்தம் மாடிப்படிவரைக்கும் கேட்டது, பிறகு ஜெனரேட்டர் உறுமியது, இமைக்கு அந்தப் பக்கம் மறுபடி சிவப்பு, கூடம் முழுக்க ஆட்கள், செருப்புகள், யாரோ ரோஜா இதழை அவள் கன்னத்திலிருந்து ஊதிவிட்டார்கள்.

கடைசி ஷாட் முகத்துக்கு மட்டும். இந்தத் தரம் மூச்சை எடுத்துக் கொடுக்க ஆளில்லை, தானே நிறுத்தினாள், ஒன்று, இரண்டு, எண்ணிக்கை பதினேழுவரை போயிற்று. கட் என்றார் குமரகுரு. கை தட்டினார்கள். ஏழு வருடத்து மாமியாருக்குத் தட்டுகிறார்கள் என்று நினைத்தபோது மூடின கண்ணுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. “கேமரா ஓடட்டும்” என்றார் குமரகுரு, பிறகு அவள் பக்கமாகக் குரலை உயர்த்தி, “சௌந்தரம்மா, கேமராவப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சுடுங்க” என்றார். சௌந்தரம் கண்ணைத் திறந்தாள். நேர் எதிரே, வட்டமாக, கறுப்பாக, கேமராவின் கண். அதைப் பார்த்து, அங்கயற்கண்ணியின் குரலில், துக்கம் ததும்பச் சொன்னாள். “சௌந்தரம்மா, கேமராவப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சுடுங்க.”

கூடமே வெடித்தது. “பொணமா படுத்தும் குறும்பு போகல பாருங்கய்யா” என்று சீரியல் கணவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். குமரகுரு தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். தப்பித்தோம், வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டார்கள் என்று சௌந்தரத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படியே இருக்கட்டும், நாடகக்காரி, சாகும்போதும் ஜோக்கடித்தாள் என்று பத்து வருடம் பேசட்டும். பரணி சிரிக்கவில்லை. கையில் புத்தகத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, மூக்குப் பஞ்சை எடுத்தாள், தாடைத் துணியை அவிழ்த்தாள். “தெரிஞ்சு சொன்னீங்களாம்மா?” என்று கேட்டாள், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. ரொம்பச் சுலபம், எல்லாரும் அதைத்தானே நம்புகிறார்கள். “இல்லடி” என்றாள் சௌந்தரம். அதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட.

பரணி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு புத்தகத்தில் விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, கண்ணை எழுத்திலிருந்து எடுக்காமல், எப்போதும் படிக்கிற மாதிரியே உணர்ச்சி இல்லாமல் படித்தாள். “சுலோசனா பையை வைக்கிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். வீட்டில் யாரும் இல்லை. ‘யாராவது இருக்கீங்களா?’”

சௌந்தரம் அவளைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். இதையா? இருட்டில் பயந்துபோய் நானே சொன்னேனே, யாரும் எடுத்துக் கொடுக்காமல் சொன்னேனே, சொல்லிவிட்டு எது சொன்னோம் என்றுகூடத் தெரியாமல் தண்ணீர் குடித்தேனே! சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது, மாலை குலுங்க, நெற்றிக் காசு நழுவிக் கழுத்துக்குள் விழ, கண்ணீர் கன்னத்து மேக்கப்பைக் கரைத்துக்கொண்டு ஓட, நிறுத்த முடியாத சிரிப்பு. “சூப்பர்மா, ஓகே, ஓகே!” என்றார் கேமராக்காரர்.

வாசலில் பூசணிக்காய்க்கு ஆள் போனார்கள். பரணி முதுகில் கை கொடுத்து அவளை எழுப்பி உட்கார வைத்தாள். கால் மரத்துப் போயிருந்தது. வாசுதேவனுக்குப் போன் பண்ண வேண்டும், நோட்டீஸில் எல்லாருக்கும் மனப்பாடம் என்கிற அந்த வரியை அடித்துவிடும்படி சொல்ல வேண்டும், அவர் முகம் போகிற போக்கு போனிலேயே தெரியும், தெரியட்டும்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் கொழந்தைய யாராவது பார்த்துப்பாங்களா?” என்று கேட்டாள்.

“பார்த்துப்பாங்க. ஏம்மா?”

“சபாவுக்கு வா. வலது பக்கம் நிக்கணும். முழுசா குடுக்காத, முதல் சொல் போதும், அதுலயும் பாதி.” சௌந்தரம் பரணியின் மஞ்சள் சுடிதாரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். “கருநீலத்துல ஏதாவது இருந்தா போட்டுக்கிட்டு வாம்மா.”